ருடால்பு டீசல்

டீசல் என்னும் சொல்லைக் கேட்டவுடன் எண்ணெய் நிலையமும் சரக்கு வண்டியுமே நம் நினைவுக்கு வருகின்றன. அஃது ஒரு மனிதருடைய பெயர் என்பதைப் பலர் அறியார். அவர் ஜெர்மானியப் பொறியியலறிஞர். காற்றை ஓர் இரும்பு உருளைக்குள் கசியவிடாமல் அமுக்கி வைப்பதற்காக அவர் பட்ட பாடு பெரிது.

ருடால்பு டீசல் 1858ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 18ஆம் நாள் பாரிஸ் நகரில் பிறந்தார். பெற்றோர் பவேரியா நாட்டினர். தந்தையார் புத்தகம் கட்டும் தொழிலினர். 1870இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. ஜெர்மானியர் பாரிஸில் வாழ இயலாமற் போகவே, அக்குடும்பம் இலண்டனுக்குச் சென்றது. பன்னிரண்டு வயதுச் சிறுவராகிய ருடால்பு மட்டும் ஆக்ஸ்பர்க் நகரிலிருந்த உறவினர் இல்லத்துக்கு அனுப்பப்பட்டார். அங்கே பயின்றபின் மியூனிக் தொழில்நுட்பக் கல்லூரியிற் சேர்ந்தார். 1879இல் இறுதித் தேர்வு நெருங்கிய வேளையில் குடற்காய்ச்சல் அவரைப் படுக்கையிற் கிடத்தியது. அடுத்த ஆண்டு தேர்வெழுதி மிக உயர்ந்த மதிப்பெண்கள் பெற்றார்.

குளிர்பதனத் துறையில் புகழ்பெற்ற கார்ல் லிண்டே அவருடைய ஆசிரியர். நீராவிப் பொறி, நிலக்கரி தரும் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட அரிதாகவே வேலையாக மாற்றுகிறது என்று லிண்டே வகுப்பில் விளக்கினார். எஞ்சியதெல்லாம் வீணாகிறதே என்னும் எண்ணம் டீசலின் உள்ளத்தை விட்டு அகலவில்லை.

மிதிவண்டிக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சூடேறுவதை நீங்கள் உணர்ந்திருப்பீர்கள். அமுக்கப்படும் காற்று வெப்பமடைகிறது. அதனை மிகுதியாக அமுக்கினால், அதிலே தெளிக்கும் எண்ணெய் தீப்பொறி இல்லாமலே பற்றிக்கொள்ளும். இதுவே டீசல் கண்ட வழி. 1892இல் இதற்குக் காப்புரிமை வேண்டி விண்ணப்பித்தார். தொடக்கத்தில் வளிமண்டல அமுக்கத்தைப் போல் 250 மடங்கு வேண்டும் என்று அவர் கணக்கிட்டார். அதனைத் தாங்கும் பொறியை அந்நாளில் எவரால் செய்ய இயலும்? ஏட்டில் வல்லவரான டீசல், பட்டறையின் எல்லையைச் சிறிது சிறிதாகவே கற்றுக்கொண்டார்.

ஆக்ஸ்பர்க் இயந்திரத் தொழிற்சாலை அவருக்குத் துணைநின்றது. 1893இல் முதற்பொறி உருவாயிற்று. தோல்வாரால் அதனை வெளியிலிருந்து சுழற்றிப் பார்த்தபோது காற்று கசிந்தது. வேண்டிய அமுக்கம் கிட்டவில்லை. அமுக்கம் குறைந்தால் வெப்பம் ஏறாது. வெப்பம் ஏறாவிடில் எண்ணெய் பற்றாது. திருத்தங்கள் செய்தபின், ஆகஸ்டு 10ஆம் நாள் எரிபொருளைச் செலுத்தினர். அது பேரொலியுடன் எரிந்தது. அமுக்கத்தை அளக்கும் கருவி வெடித்துச் சிதறியது! பொறி தானே ஓடவில்லை. ஆயினும் கருத்து மெய்யென்று தெளிவாயிற்று.

1894ஆம் ஆண்டு பிப்ரவரி 17ஆம் நாள், பொறியைச் சுழற்றி வந்த தோல்வாரின் இழுவிசை மாறியதைத் தொழிலாளர் ஒருவர் கண்டார். வார் பொறியை இழுக்கவில்லை. பொறியே வாரை இழுத்தது. அவர் ஒன்றும் பேசாமல் தம் தொப்பியைக் கழற்றி டீசலுக்கு வணக்கம் செலுத்தினார். அன்று பொறி தானே ஓடியது ஏறத்தாழ ஒரு நிமிடமே. மேலும் மூன்று ஆண்டுகள் உழைத்தபின், 1897இல் பேராசிரியர் ஷ்ரோட்டர் நடத்திய சோதனையில் அது வெப்பத்தில் 26.2 விழுக்காட்டை வேலையாக்கியது.

டீசல் பொறி பூட்டிய கார்கள் 1936ஆம் ஆண்டையொட்டியே விற்பனைக்கு வந்தன. நெடுந்தூரம் ஓடிய பழைய டீசல் கார் ஒன்று குளிர்ந்த காலையில் கிளம்ப மறுத்தால், தேர்ந்த மெக்கானிக் ஐயுறுவனவற்றுள் ஒன்று, ஆக்ஸ்பர்க்கில் டீசலை வருத்திய அதே கசிவுதான். எண்ணெய் தெளிக்கும் முனையைக் கழற்றி, அத்துளையில் அமுக்கமானியைப் பொருத்தி, எண்ணெய் வராமல் தடுத்து, பொறியைச் சுழற்றுவார். ஒவ்வோர் உருளையாக அளந்து ஒப்பிடுவார். எல்லா உருளைகளிலும் ஒருசேர அமுக்கம் தாழ்ந்திருந்தால் பெரும்பாலும் நெடுநாள் தேய்மானமே காரணம். ஒன்றில் மட்டும் தாழ்ந்திருந்தால், பிஸ்டன் வளையமோ வால்வோ பழுதுற்றிருக்கலாம். பணிமனையில் இதனைக் கம்ப்ரஷன் பார்த்தல் என்பர்.

1900இல் பாரிஸில் நடந்த பொருட்காட்சியில் டீசல் பொறி ஒன்று நிலக்கடலை எண்ணெயால் ஓடியது. 1912இல் செலாந்தியா என்னும் டேனிஷ் கப்பல் டீசல் பொறிகளால் பெருங்கடலைக் கடந்தது. பொறி வளர்ந்தது, அதனைப் படைத்தவரோ தளர்ந்தார். வழக்குகளும் தலைவலியும் அவரை வாட்டின. நிலங்களை வாங்கி விற்பதில் ஈட்டிய பெரும்பொருளை இழந்தார். உருளையிற் காற்றைக் காக்கத் தெரிந்தவருக்குக் கையிற் பணத்தைக் காக்கத் தெரியவில்லை.

1913ஆம் ஆண்டு செப்டம்பர் 29ஆம் நாள் மாலை, இங்கிலாந்து செல்வதற்காக ஆண்ட்வெர்ப்பில் டிரெஸ்டன் என்னும் கப்பலில் ஏறினார். இரவு உணவுக்குப் பின் தம் அறைக்குச் சென்றார். மறுநாட் காலையில் அவரைக் காணவில்லை. படுக்கையில் அவர் உறங்கிய அடையாளமும் இல்லை. சில நாட்களுக்குப் பின் டச்சுக் கப்பல் ஒன்று கடலில் ஓர் உடலைக் கண்டது. மாலுமிகள் உடலைக் கடலிலேயே விட்டு, உடையிலிருந்த சிறு பொருள்களை மட்டும் கொண்டுவந்தனர். அவற்றைப் பார்த்து அவை தம் தந்தையாருடையவை என்று மகன் கூறினார்.