ஏழு ஆபரேஷன், ஏழு அங்குலம்: யார் இந்த கேப்டன் மார்டெல்? பாராதைராய்டு சர்ஜரிக்குப் பிறகான நாட்கள் ஏன் முக்கியம்?

மருத்துவப் புத்தகங்களில் அடிக்கடி வரும் இரண்டு போட்டோக்கள் உண்டு. 1918ல் எடுத்த முதல் போட்டோவில், ஆறடியைத் தாண்டிய ஒரு வாட்டசாட்டமான இளைஞர் நிமிர்ந்து நிற்கிறார். 1927ல் எடுத்த அடுத்ததில் முதுகு கூன் விழுந்து, நெஞ்சு முன்னால் துருத்திக்கொண்டு, கழுத்தே தெரியாத ஒருவர் நிற்கிறார். இரண்டிலும் இருப்பது ஒரே ஆள்தான். பெயர் சார்லஸ் மார்டெல், அமெரிக்க வணிகக் கப்பல் கேப்டன்.

சில வருடங்களில் அவர் இழந்த உயரம் சுமார் 7 அங்குலம். அதைச் சரிசெய்ய அவருக்கு நடந்த ஆபரேஷன்கள் 7. கடைசி ஆபரேஷனில் நோய்க்குக் காரணமான கட்டி கிடைத்தது. ஆனாலும் அடுத்த சில வாரங்களில் அவர் இறந்துபோனார்.

இன்று ஒருவர் பாராதைராய்டு ஆபரேஷன் முடிந்து, ஒரே நாளில் டிஸ்சார்ஜ் ஆகி, கையில் கால்சியம் மாத்திரையோடு வீட்டுக்கு வருகிறார். அந்த மாத்திரை ஏன் என்பதைப் புரிந்துகொள்ள மார்டெலின் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது.

பாராதைராய்டு என்றால் என்ன?

பெயரில் தைராய்டு இருந்தாலும், இது தைராய்டு இல்லை. தைராய்டுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும், பெரும்பாலானவர்களுக்கு நான்கு என்ற எண்ணிக்கையில் இருக்கும் சின்னச் சின்ன சுரப்பிகள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு அரிசி அளவுதான்.

இதை முதலில் கவனித்த கதையே சுவாரஸ்யமானது. லண்டன் உயிரியல் பூங்காவில் 1849ல் ஒரு இந்திய காண்டாமிருகம் இறந்தது. அதை அறுத்துப் பார்த்த ரிச்சர்ட் ஓவன், கழுத்தில் இந்தச் சுரப்பியைப் பார்த்துக் குறித்து வைத்தார். மனித உடலில் இதைத் தெளிவாக விவரித்தவர் ஸ்வீடனின் உப்சாலாவைச் சேர்ந்த இவார் சாண்ட்ஸ்ட்ராம், 1880ல்.

இதன் வேலை ஒன்றுதான்: ரத்தத்தில் கால்சியம் அளவைச் சரியாக வைத்திருப்பது. கால்சியம் குறைந்தால் ஹார்மோனைச் சுரக்கும். அந்த ஹார்மோன் எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்து ரத்தத்துக்குக் கொடுக்கும். எலும்பை ஒரு பேங்க் என்று வைத்துக்கொண்டால், அதிலிருந்து பணம் எடுக்கும் ஏ.டி.எம். கார்டுதான் இந்த ஹார்மோன்.

நான்கில் ஒன்று கட்டியாகி, நிறுத்தாமல் ஹார்மோனைச் சுரந்தால்? எலும்பு காலியாகும். ரத்தத்தில் கால்சியம் ஏறும். அது சிறுநீரில் போய்க் கல்லாகும். மார்டெலுக்கு நடந்தது இதுதான்.

கேப்டனுக்கு என்ன ஆனது?

முதல் உலகப்போர் முடிந்த காலத்தில்தான் பிரச்னை ஆரம்பித்தது. உடம்பு வலி, அசதி, அடிக்கடி எலும்பு முறிவு, வருடா வருடம் குறையும் உயரம். பல வருடங்களுக்கு என்ன நோய் என்றே தெரியவில்லை.

1926ல் நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனையில் யூஜீன் டுபாய்ஸ் என்ற டாக்டர் அவரது ரத்தத்தைச் சோதித்தார். கால்சியம் அதிகம், பாஸ்பரஸ் குறைவு. அதற்கு முந்தைய வருடம்தான் ஜேம்ஸ் காலிப் பாராதைராய்டு சாறைத் தயாரித்து, அதை ஊசியாகப் போட்டால் ரத்தத்தில் கால்சியம் ஏறும் என்று காட்டியிருந்தார். டுபாய்ஸ் இரண்டையும் முடிச்சுப் போட்டார்: இவர் உடம்பே அந்தச் சாறை அளவுக்கு மீறித் தயாரிக்கிறது!

அடுத்து பாஸ்டன் போனார் மார்டெல். அங்கே மாசச்சூசெட்ஸ் ஜெனரல் மருத்துவமனையில் ஆராய்ச்சிக்கென்றே ஒரு வார்டு இருந்தது. சாப்பிடும் ஒவ்வொரு கவளமும் எடை போடப்படும். வெளியேறும் கழிவும் சேகரிக்கப்பட்டு, அதில் எவ்வளவு கால்சியம் இருக்கிறது என்று கணக்கெடுக்கப்படும். ஒரு கப்பலை நடத்திய மனிதர், மாதக்கணக்கில் இப்படி ஒரு கணக்குப் புத்தகமாக வாழ்ந்தார். இன்று இந்த நோயைப் பற்றி டாக்டர்களுக்குத் தெரிந்திருக்கும் பல அடிப்படை விஷயங்கள் அந்த வார்டில் கிடைத்தவைதான்.

ஏன் ஏழு ஆபரேஷன்?

1925ல் வியன்னாவில் ஃபெலிக்ஸ் மாண்டல் என்ற சர்ஜன், இதே நோயால் நடக்க முடியாமல் போன ஒரு ட்ராம் ஊழியருக்கு ஆபரேஷன் செய்திருந்தார். கழுத்தில் கட்டி இருந்தது, எடுத்தார், வலி குறைந்து அந்த ஊழியர் மறுபடி நடந்தார். மார்டெலுக்கும் அப்படித்தான் நடக்கும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள்.

ஆனால் 1926ல் இரண்டு முறை கழுத்தைத் திறந்தும் கட்டி கிடைக்கவில்லை. பின்னர் நியூயார்க்கிலும் முயற்சி நடந்தது, அதிலும் இல்லை. வருடங்கள் ஓடின. உயரம் போனது போனதுதான். சிறுநீரகத்தில் கல் சேர்ந்துகொண்டே இருந்தது.

1932ல் அவர் மறுபடி பாஸ்டன் வந்தார். இந்த முறை சர்ஜன்கள் எட்வர்ட் சர்ச்சில், ஆலிவர் கோப். உயிருள்ளவர் கழுத்தில் தேடுவதற்கு முன், இறந்தவர்களின் உடலில் இந்தச் சுரப்பியைத் தேடி எடுத்துப் பழகினார் கோப். அப்படித் தயாராகி வந்தும் கழுத்தில் கட்டி சிக்கவில்லை.

பேஷண்டும் சும்மா இருக்கவில்லை. ஹார்வர்டு மருத்துவ நூலகத்தில் உட்கார்ந்து, தன் உடம்பைப் பற்றி தானே படித்தார் மார்டெல். கருவில் வளரும்போது இந்தச் சுரப்பிகள் இடம் மாறி இறங்கும், சில நேரம் நெஞ்சுக்கூட்டுக்குள்ளேயே போய்விடும். அப்படியானால் நெஞ்சைத் திறந்து பாருங்கள் என்று டாக்டர்களை வற்புறுத்தியவர் அவர்தான் என்று கோப் பின்னாளில் பதிவு செய்திருக்கிறார்.

நெஞ்சைத் திறந்தார்கள். சுமார் 3 செ.மீ. அளவில், நெஞ்செலும்புக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது கட்டி.

ஜெயித்த பிறகு என்ன நடந்தது?

கால்சியம் ஒரேயடியாக விழுந்துவிடக் கூடாது என்பதற்காக, கட்டியின் பெரும்பகுதியை எடுத்துவிட்டு, ஒரு சின்னத் துண்டை ரத்த ஓட்டத்தோடு விட்டு வைத்தார்கள் சர்ஜன்கள். அப்படியும் மூன்றே நாளில் மார்டெலுக்குத் தசைகள் இழுத்துக்கொள்ள ஆரம்பித்தன.

காரணம் எளிது. பல வருடங்களாகக் கொள்ளை போன எலும்பு, கொள்ளைக்காரன் போனதும் ரத்தத்தில் இருக்கும் கால்சியத்தையெல்லாம் இழுத்து உள்ளே வைத்துக்கொண்டது. இன்று டாக்டர்கள் இதை 'ஹங்ரி போன்' என்கிறார்கள். பசித்த எலும்பு. கால்சியமும் வைட்டமின் டி-யும் கொடுத்து அவரைச் சமாளித்தார்கள்.

ஆனால் சிறுநீரகம் ஏற்கெனவே கெட்டிருந்தது. பழைய கல் ஒன்று சிறுநீர்க் குழாயில் சிக்கியது. அதற்கான சிகிச்சையைத் தொடர்ந்து, நெஞ்சு ஆபரேஷன் முடிந்த ஆறு வாரத்தில் மார்டெல் இறந்தார். நோய்க்குக் காரணமான கட்டி போய்விட்டது. அது உடம்பில் விட்டுச் சென்ற சேதம் போகவில்லை.

அப்போது ஆறு வாரம், இப்போது வீட்டில்

மார்டெல் உயிருக்குப் போராடிய அதே நாட்களை, இன்றைய பேஷண்ட் வீட்டு சோபாவில் கழிக்கிறார். இப்போது நோய் ரொம்ப சீக்கிரம், பெரும்பாலும் சாதாரண ரத்தப் பரிசோதனையிலேயே தெரிந்துவிடுகிறது. கட்டி எங்கே என்று ஸ்கேன் காட்டுகிறது. ஆபரேஷன் நடக்கும்போதே ஹார்மோன் அளவு குறைகிறதா என்றும் பார்க்க முடிகிறது. கழுத்தில் சின்னத் தழும்பு, அன்றோ மறுநாளோ வீடு.

ஆனால் உடம்பின் கணக்கு மாறவில்லை. கால்சியம் மிகவும் குறைவது பொதுவாக ஆபரேஷன் முடிந்த இரண்டாவது நாளிலிருந்து நான்காவது நாளுக்குள். அப்போது நீங்கள் ஆஸ்பத்திரியில் இருக்க மாட்டீர்கள். அதனால்:

• உதட்டைச் சுற்றியோ விரல் நுனியிலோ எறும்பு ஊர்வது போல இருந்தால், கால்சியம் குறைகிறது என்று அர்த்தம். கூடுதல் மாத்திரை எடுக்க டாக்டர் ஏற்கெனவே சொல்லியிருந்தால் எடுங்கள். அடங்கவில்லை என்றால் உடனே போன் செய்யுங்கள்.

• கை, கால் இழுத்துக்கொண்டாலோ, மூச்சு விடச் சிரமமாக இருந்தாலோ, கழுத்து வேகமாக வீங்கினாலோ காத்திருக்க வேண்டாம். நேராக எமர்ஜென்சிதான்.

• நல்லாத்தானே இருக்கேன் என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். கால்சியம் கார்பனேட் மாத்திரை சாப்பாட்டோடு போட்டால்தான் நன்றாக உடம்பில் சேரும். தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் இரண்டுக்கும் நடுவே நான்கு மணி நேரம் இடைவெளி விட வேண்டும்.

• குரல் கொஞ்சம் கம்முவதும், விழுங்கும்போது தொண்டை வலிப்பதும் சில நாளில் சரியாகும். வாரக்கணக்கில் குரல் திரும்பவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

• ஏற்கெனவே கிட்னியில் கல் இருந்தால், அது இந்த ஆபரேஷனால் கரைந்துவிடாது. அதைத் தனியாகக் கவனிக்க வேண்டும்.

ஆறு மாதம் கழித்து ஒரு டெஸ்ட், ஏன்?

வியன்னா ட்ராம் ஊழியரின் கதை மறுபடி நடந்ததோடு முடியவில்லை. சில வருடங்களில் நோய் அவருக்குத் திரும்பி வந்தது. அதனால்தான் ஆபரேஷன் முடிந்து ஆறு மாதம் கழித்தும் கால்சியம் சரியான அளவில் இருந்தால் மட்டுமே, குணமாகிவிட்டது என்று டாக்டர்கள் முடிவு செய்கிறார்கள். தழும்பு மறைந்துவிட்டது என்று அந்த ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடுபவர்கள் நிறைய பேர். அதைச் செய்யாதீர்கள்.

தன் உடம்பில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள, மார்டெல் கூன் விழுந்த முதுகோடு நூலகத்துக்குப் போனார். கட்டி எங்கே இருக்கும் என்று அவர் யோசித்தது சரியாகவும் இருந்தது. அவருக்கு வாய்க்காதது ஒன்றுதான்: சரியான நேரம். இன்று அது உங்களுக்கு இருக்கிறது. டிஸ்சார்ஜ் பேப்பரை மடித்து வைத்துவிடாமல், முதல் வாரம் கண்ணில் படுகிற மாதிரி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வையுங்கள்.