மகனுக்குக் கிடைக்காத பட்டம்

கல்கத்தா மைதானத்தில் வானளாவ ஒரு தூண் நிற்கிறது. இன்று அதற்கு "ஷாஹீத் மினார்" என்று பெயர். 1828-ல் அதைக் கட்டியபோது வைத்த பெயர் வேறு. "ஆக்டர்லோனி ஸ்தூபி" என்றார்கள். 1969 வரை அந்தப் பெயர்தான்.

ஆக்டர்லோனி யார்?

பட்டாளத்துத் தளபதி. கம்பெனிக்காரர். ஆனால் இங்கிலாந்தில் பிறந்தவர் அல்ல! அமெரிக்காவில், பாஸ்டன் நகரில், 1758 பிப்ரவரி 12-ந் தேதி பிறந்தார். அப்போது அமெரிக்காவும் ஆங்கிலேயர் ஆட்சியில்தான் இருந்தது.

டேவிட் ஆக்டர்லோனியின் தகப்பனார் ஸ்காட்லாந்தில் இருந்து வந்த கப்பல் தலைவர். தாய் காதரீன், பாஸ்டன் பெண். அவளுடைய மாமா வில்லியம் பெப்பரல், 1745-ல் பிரெஞ்சுக்காரரின் லூயிபர்க் கோட்டையைப் பிடித்த தளபதி. அதற்காக வழிவழியாக வரும் "பாரனெட்" பட்டம் பெற்றவர். அமெரிக்காவில் பிறந்து அந்தப் பட்டம் பெற்ற முதல் மனிதர் அவரே. அதே பட்டம் பிற்காலத்தில் டேவிடின் வாழ்விலும் குறுக்கிட்டது.

டேவிடுக்கு ஏழு வயதானபோது தகப்பனார் இறந்தார். தாய் லண்டன் சென்று ஐசக் ஹெர்டு என்பவரை மறுமணம் செய்துகொண்டாள். ஹெர்டுக்கு வேடிக்கையான உத்தியோகம். பிரபுக்களின் வம்சாவளிகளை ஆராய்ந்து பதிவு செய்வது! யார் மகன் யார், எந்த வாரிசுக்கு எந்தப் பட்டம் என்று ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுத்தவர். அவர் வீட்டுப் பிள்ளைக்கே அந்தக் கணக்கு பின்னால் சிக்கலானது.

கடலூரில் கைதி

1777-ல், 19 வயதில், டேவிட் வங்காளப் பட்டாளத்தில் சேர்ந்தார். அதற்கு முந்திய ஆண்டுதான் அமெரிக்கா சுதந்திரப் பிரகடனம் செய்திருந்தது. டேவிட் பிறந்த ஊருக்குத் திரும்பவே இல்லை. 48 ஆண்டுகள் இந்தியாவிலேயே கழிந்தன.

தமிழ் மண்ணிலும் அவர் ரத்தம் சிந்தியிருக்கிறார். 1783-ல் கடலூரில் பிரெஞ்சுக்காரரோடு நடந்த சண்டையில் காயம்பட்டுக் கைதியானார். சமாதானம் ஏற்பட்டபின் விடுதலை பெற்றார்.

1803-ல் டில்லி கம்பெனி வசமாயிற்று. ஆக்டர்லோனி அங்கே ரெசிடெண்ட் ஆனார். மறு ஆண்டு ஹோல்கர் பெரும் படையோடு நகரை வளைத்தபோது, சிறு படையை வைத்துக்கொண்டே காப்பாற்றினார். 1815-ல் மலாவுன் கோட்டையில் கூர்க்காக்களை வென்றார். பாரனெட் பட்டம் வந்தது.

வெற்றிகள் இருக்கட்டும். வீட்டைப் பார்ப்போம்.

13 யானைகள்

டில்லியில் அவர் நவாபைப்போல வாழ்ந்தார். ஹூக்கா பிடித்தார். நாட்டியம் பார்த்தார். ஜனங்கள் அவருக்கு "லோனி அக்தர்" என்று செல்லப்பெயர் வைத்தார்கள். அக்தர் என்றால் நட்சத்திரம். அவருக்கு 13 மனைவிகள் என்றும், மாலையில் 13 யானைகளில் அவர்கள் பவனி வருவார்கள் என்றும் கதை உண்டு. யானைக் கணக்கு எப்படியோ, அந்தப்புரத்தில் முதன்மை பெற்றவள் ஒருத்திதான். அவள் முபாரக் பேகம். புனாவில் அந்தணர் குலத்தில் பிறந்து, நாட்டியப் பெண்ணாகி, இஸ்லாத்தைத் தழுவியவள் என்பார்கள்.

தாமிரபரணிக் கரைக்காரர்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது. கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஆற்றோடு கிழக்கே போனால் பாளையங்கோட்டை. அங்கே குளோரிந்தா என்ற மராட்டிய அந்தண விதவை லிட்டில்டன் என்ற ஆங்கிலேய அதிகாரியோடு வாழ்ந்தாள். அவர் இறந்தபின் 1778-ல் ஞானஸ்நானம் பெற்றாள். 1785-ல் அவள் எழுப்பிய ஆலயத்தை ஊரார் "பாப்பாத்தியம்மாள் கோயில்" என்றார்கள். கம்பெனிக் காலத்தில் இப்படி எத்தனையோ குடும்பங்கள்.

முபாரக் பேகத்துக்கு இரண்டு பெண் குழந்தைகள். கோட்டைகளைப் பிடித்த தளபதிக்கு அந்தக் குழந்தைகளை நினைத்துத் தூக்கம் வரவில்லை. கிறிஸ்தவர்களாக வளர்த்தால், நிறத்தைப் பார்த்து வெள்ளையர் ஏளனம் செய்வார்கள். முஸ்லிம்களாக வளர்த்தால், ஏதோ ஓர் அந்தப்புரத்தில் பலரில் ஒருத்தியாகிவிடுவார்கள். தன் அந்தப்புரத்தில் குறை காணாதவருக்கு, மகள்களுக்கு அந்த வாழ்வு பொறுக்கவில்லை! நண்பர் ஒருவருக்கு எழுதி யோசனை கேட்டார்.

பேரனுக்குப் பட்டம்

அவருடைய மகன் ரோடரிக் பெரிகிரின், இந்தியப் பெண் வயிற்றில் பிறந்தவன். தாய் தந்தையருக்குச் சட்டப்படி மணம் நடக்காததால் அவனுக்குப் பட்டம் சேராது. தகப்பனுக்கு முன்பே அவன் இறந்தும்போனான். ஆனால் கிழவர் விடவில்லை. 1823-ல் பட்டத்தை மறுபடி புதிதாக வழங்கச் செய்து, ரோடரிக்கின் மகன் சார்லஸ் மெட்காஃபுக்குப் போகும்படி ஏற்பாடு பெற்றார். அந்தச் சிறுவனே இரண்டாவது பாரனெட் ஆனான்.

1825-ல் பரத்பூர் விவகாரத்தில் ஆக்டர்லோனி படை திரட்டினார். கவர்னர் ஜெனரல் ஆம்ஹெர்ஸ்ட் அதைத் தடுத்துவிட்டார். அவமானம் தாங்காமல் ராஜினாமா செய்தார். அந்த ஜூலையிலேயே மீரட்டில் உயிர் பிரிந்தது. டில்லிக்கு வெளியே முபாரக் தோட்டத்தில் தனக்காக ஒரு சமாதி கட்டி வைத்திருந்தார். அதில் படுக்க வாய்க்கவில்லை. உடலை மீரட்டிலேயே புதைத்தார்கள். அந்தச் சமாதி 1857 சண்டையில் அழிந்தது.

முபாரக் பேகம் வேறொருவரை மணந்தாள். அந்தக் கணவர் 1857-ல் ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்டார். பேரனுக்குப் பட்டம் உறுதியான அதே 1823-ல் அவள் பெயரால் ஒரு மசூதி எழுந்தது. பழைய டில்லியின் ஹவுஸ் காசியில் உள்ள அந்த மசூதியின் மூன்று கும்பங்களில் ஒன்று 2020 ஜூலை மழையில் இடிந்து விழுந்தது.