டெலிவிஷன் தந்த டிப்ளமோக்காரர்



ஆண்டு மலர் என்றாலே காந்தியடிகள், காமராஜர், அப்துல் கலாம் என்று பலரும் எழுதுவார்கள். எலக்ட்ரானிக்ஸ் படிக்கிற நான், நம்மைப் போலவே டிப்ளமோ படித்த ஒருவரைப் பற்றி எழுத ஆசைப்பட்டேன். அவர் பெயர் ஜான் லோகி பேர்டு. மனித முகத்தை டெலிவிஷனில் முதன்முதலில் தெரிய வைத்தவர். இன்று நம் வீட்டு டி.வி.யில் ஒரு சேனல் பளிச்சென்றும் இன்னொரு சேனல் மங்கலாகவும் தெரிகிறதே, அதற்கான விளக்கமும் அவர் வாழ்க்கையிலேயே இருக்கிறது.

பிறப்பும் படிப்பும்

1888 ஆகஸ்டில் ஸ்காட்லாந்தின் ஹெலன்ஸ்பர்க் என்ற கடலோர ஊரில் பிறந்தார். தந்தை பாதிரியார். பேர்டுக்குச் சிறு வயதிலிருந்தே நோஞ்சான் உடம்பு. ஆனால் கை சும்மா இருக்காது. பள்ளியில் படிக்கும்போதே நண்பர்களின் வீடுகளுக்குத் தன் வீட்டிலிருந்து டெலிபோன் கம்பி இழுத்துவிட்டார்.

கிளாஸ்கோ தொழில்நுட்பக் கல்லூரியில் எலக்ட்ரிக்கல் சேர்ந்தார். நடுநடுவே தொழிற்சாலைகளில் அப்ரண்டிஸ் வேலை. உடம்பு மேலும் கெட்டது. 1914-ல்தான் டிப்ளமோ கைக்கு வந்தது. பிறகு டிகிரிக்குச் சேர்ந்தார். முதல் உலகப் போர் குறுக்கே வந்தது. அந்த டிகிரியை அவர் கடைசிவரை முடிக்கவே இல்லை.

ராணுவம் உடல் தகுதி இல்லை என்று திருப்பி அனுப்பியது. மின்சாரக் கம்பெனி ஒன்றில் வேலைக்குப் போனார். அங்கே கரியில் மின்சாரத்தைப் பாய்ச்சி வைரம் செய்யப் பார்த்தார். வைரம் வரவில்லை, ஊரில் கரண்ட் போனதுதான் மிச்சம்! மின்சாரம் செய்கிற ஊரில் வளர்ந்த நமக்கு அது எவ்வளவு பெரிய குற்றம் என்று சொல்லவே வேண்டாம். அப்புறம் காலுறை விற்றார், டிரினிடாட் தீவுக்குப் போய் ஜாம் காய்ச்சினார், சோப்பு விற்றார். எதுவும் நிலைக்கவில்லை.

முப்பது கோடுகள்

1923-ல் உடம்பைத் தேற்றிக்கொள்ள ஹேஸ்டிங்ஸ் என்ற ஊருக்கு வந்தார். அங்கேதான் டெலிவிஷன் ஆராய்ச்சி தொடங்கியது. லேப் இல்லை, பணம் இல்லை. பழைய டீப் பெட்டி, தொப்பிப் பெட்டி, தையல் ஊசி, சைக்கிள் விளக்கின் கண்ணாடி, அரக்கு - இவைதான் கருவிகள்!

அந்தக் கருவி வேலை செய்த விதம் நெய்வேலிக்காரர்களுக்கு எளிதில் புரியும். நம் சுரங்கத்தில் பக்கெட் வீல் சுற்றும்போது ஒவ்வொரு பக்கெட்டும் ஒரு பட்டை மண்ணைச் சுரண்டி எடுக்கிறது அல்லவா? அதுபோல, சுருள் வரிசையில் துளை போட்ட ஒரு தட்டு சுழலும். ஒவ்வொரு துளையும் எதிரே உள்ள காட்சியில் ஒரு கோட்டை மட்டும் எடுக்கும். அந்தக் கோட்டின் வெளிச்சத்தை போட்டோசெல் மின்சாரமாக மாற்றும். மறுமுனையில் அதே வேகத்தில் சுழலும் இன்னொரு தட்டு, கோடுகளை மறுபடி அடுக்கிப் படமாகக் காட்டும். இந்தத் தட்டை 1884-லேயே ஜெர்மனியில் நிப்கோ என்பவர் யோசித்து வைத்திருந்தார். அதை ஓட வைத்துப் படம் காட்டியவர் பேர்டு.

1924-ல் சில அடி தூரத்துக்கு ஒரு சிலுவையின் நிழல் உருவத்தை அனுப்பினார். அதே ஆண்டு ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் ஷாக் அடித்துத் தூக்கி எறிந்தது. உயிர் தப்பியது பெரிய விஷயம். வீட்டுக்காரர் இடத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்.

லண்டனில் ஒரு மாடி அறைக்குப் போனார். 1925 அக்டோபரில் ஒரு பொம்மைத் தலையின் படம் தெரிந்தது. உடனே கீழே ஓடி, வில்லியம் டெயின்டன் என்ற ஆபீஸ் பையனைக் கூட்டி வந்து உட்கார வைத்தார். விளக்குகளின் சூடு தாங்காமல் நகர்ந்தவனுக்குக் காசு கொடுத்து மறுபடி உட்கார வைத்தாராம்! 1926 ஜனவரி 26 அன்று ராயல் இன்ஸ்டிடியூஷன் உறுப்பினர்கள் முன்னால் செய்து காட்டினார். அந்தப் படத்தில் மொத்தமே 30 கோடுகள். ஆனாலும் அது முகம் என்று தெரிந்தது.

240-ம் 405-ம்

1927-ல் லண்டனிலிருந்து கிளாஸ்கோவுக்கு, 1928-ல் அட்லாண்டிக் கடல் தாண்டி அமெரிக்காவுக்கு என்று பேர்டின் படங்கள் போயின. 1929-ல் பி.பி.சி. வழியாக ஒளிபரப்பு. ஆனால் தட்டு முறைக்கு ஓர் எல்லை இருந்தது. கோடு கூடக்கூடத் துளை சிறிதாகும், வெளிச்சம் குறையும். தட்டு இன்னும் பெரிதாகச் சுழல வேண்டும். அதற்குள் சுழலும் பாகமே இல்லாத எலக்ட்ரானிக் கேமரா வந்துவிட்டது.

1936 நவம்பரில் லண்டனில் பேர்டின் 240 கோடும், மார்க்கோனி-இ.எம்.ஐ. கம்பெனியின் 405 கோடும் மாறி மாறி ஒளிபரப்பாயின. அதே மாதம் கிரிஸ்டல் பேலஸ் தீ விபத்தில் அவருடைய லேப் எரிந்தது. 1937 பிப்ரவரியில் பேர்டின் முறை கைவிடப்பட்டது. டெலிவிஷனைக் காட்டியவரையே டெலிவிஷன் வெளியே தள்ளியது. கோடு அதிகம் உள்ளவன் ஜெயித்தான்.

நம் வீட்டு டி.வி.

இதில் ஒரு வேடிக்கை. 1935-ல் பிரிட்டிஷ் கமிட்டி ஒன்று 240 கோட்டுக்குக் குறையாத படத்தைத்தான் ஹை டெபனிஷன் என்றது! இன்று நம் சாதாரண சேனலில் 576 கோடுகள். அதை நாம் மங்கல் என்கிறோம். எச்.டி.யில் 1,080.

எங்க அப்பா சுரங்கத்தில் கான்ட்ராக்ட் தொழிலாளி. எங்க வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். தவணையில் 43 இஞ்ச் டி.வி. வாங்கினோம். பழைய இலவச கலர் டி.வி.யில் நன்றாகத் தெரிந்த சேனல் அதில் கலங்கலாகத் தெரிந்தது. பக்கத்து வீட்டார் டூப்ளிகேட் செட் என்று சொல்ல, அப்பாவுக்கு இரண்டு நாள் சோறு இறங்கலை. படிக்கிற பிள்ளை என்று என்னிடம்தான் கேட்டார்.

நோட்டில் கணக்குப் போட்டுக் காட்டினேன். சாதாரணப் படத்தில் 720 x 576, அதாவது 4,14,720 புள்ளிகள். எச்.டி. திரையில் 1920 x 1080, அதாவது 20,73,600. சரியாக ஐந்து மடங்கு. ஒரு புள்ளியை வைத்து ஐந்து இடத்தை நிரப்ப வேண்டும், மீதியை டி.வி. ஊகித்துத்தான் போடுகிறது. சின்ன டி.வி.யில் புள்ளிகள் நெருங்கி இருந்ததால் குறை தெரியலை. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்! போதாததற்கு, நிறைய சேனல்களை அடைக்கப் படத்தைச் சுருக்கி அனுப்புகிறார்கள். சதுரப் படத்தை அகலமாக இழுத்து வேறு பார்க்கிறோம்.

வழியும் உண்டு. எச்.டி. பாக்ஸ் வைத்து, மஞ்சள்-சிவப்பு-வெள்ளை ஒயருக்குப் பதில் எச்.டி.எம்.ஐ. ஒயர் போட்டு, எச்.டி. சேனல் பார்க்கலாம். சாதாரண சேனலை 4:3 அளவிலேயே வைத்துக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து பார்க்கலாம். செட் நல்ல செட்தான் என்று தெரிந்த பிறகுதான் அப்பா முகம் தெளிந்தது.

கடைசிக் கனவு

தோற்ற பிறகு பேர்டு மூலையில் உட்காரவில்லை. தன்னைத் தோற்கடித்த எலக்ட்ரானிக் முறையையே கையில் எடுத்தார். குண்டு விழும் போர்க்காலத்திலும் 600 கோட்டில் கலர் படம் காட்டினார். 1944-ல் டெலிக்ரோம் என்ற கலர் பிக்சர் டியூபைச் செய்து காட்டினார். போர் முடிந்ததும் 1,000 கோடு வேண்டும் என்று அரசுக் கமிட்டியிடம் வாதாடினார். யாரும் நிறைவேற்றவில்லை, பிரிட்டனில் 405 கோடு 1985 வரை ஓடியது. 1946 ஜூன் 14-ல், 57 வயதில் பேர்டு இறந்தார்.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1950-ல் சென்னை தேனாம்பேட்டை கண்காட்சியில் சிவகுமாரன் என்ற எலக்ட்ரிக்கல் மாணவர் ஒரு கடிதத்தைப் படமாக்கி கேதோட் ரே டியூப் திரையில் காட்டினார். டெல்லியில் டெலிவிஷன் வந்ததே 1959-ல்தான்!

நண்பர்களே! டிப்ளமோதானே என்று யாராவது சொன்னால் பேர்டை நினைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு டிகிரி இல்லை, லேப் இல்லை. முதல் படத்தில் இருந்தது வெறும் 30 கோடு. ஆனால் அதோடு நிற்காமல், கோடு கோடாகக் கூட்டிக்கொண்டே போனார். நாமும் கூட்டுவோம்!