வனநூற் புலவர் தியோடோர் ஹார்டிக்

ஜெர்மானிய தேசத்துத் தில்லன்புர்க் என்னும் ஊரில் 1805-ஆம் ஆண்டில் தியோடோர் ஹார்டிக் பிறந்தார். தந்தையார் கேயார்க் லூட்விக் ஹார்டிக் வனநூலிற் பெரும்புகழ் படைத்தவர். மைந்தரும் அத்துறையையே மேற்கொண்டு, முதலிற் பெர்லினிலும், 1838 முதல் நாற்பதாண்டு பிரவுன்ஷ்வைக் நகரிலும் ஆசிரியராய் விளங்கினார். மரப்பட்டையினுள்ளே உணவுச்சாறு செல்லும் சல்லடைக் குழாய்களை 1837-இல் முதன்முதற் கண்டவர் இவரே. ஆயினும், ஈண்டு யாம் கூறப்புகுந்தது ஒரு சிறு வண்டின் உணவைப் பற்றியது.

ஓக் முதலிய மரங்கள் நலிவுற்றகாலை அவற்றைத் துளைத்துக் குடிபுகும் வண்டுகளுட் சில, மரத்தைக் குடைவனவேயன்றி உண்பன அல்ல. துளையின் சுவரிலே வெண்பொருளொன்று படிந்திருக்கும். குஞ்சுப்புழுக்கள் அதனையே தின்று வளரும். ஆஸ்திரியாவில் வாழ்ந்த ஷ்மித்பர்கர் என்னும் துறவியார், மரச்சாறே உறைந்து இங்ஙனம் ஆயிற்றெனக் கருதி, 1836-இல் அதற்குக் கிரேக்கத் தேவருணவின் பெயரைச் சூட்டி அம்புரோசியா என்றார். நம்மவர் அமிழ்தம் என்பதுபோலும். ஹார்டிக் அதனைப் பூதக்கண்ணாடியில் வைத்து நோக்கினார். சாறன்று அது, உயிருள்ள பூசணம். 1844-இல் இதனை வெளியிட்டு, மோனிலியா காண்டிடா எனப் பெயரிட்டார். மோனிலியா என்பது இலத்தீனில் கழுத்தணி. மணி கோத்தாற்போல் அதன் அணுக்கள் அமைந்திருந்தமையின் அப்பெயர் பொருத்தமுடைத்து.

இத்துணைக் கூரிய கண்ணினரும் அப்பூசணம் எங்கிருந்து வந்தது என்னும் வினாவில் இடறினார். மரத்தின் அணுக்களே பூசணமாக மாறுகின்றன என்று 1833-இலேயே நூல் எழுதியிருந்தார். வேர்நுனிகளின் அணுக்களிடையே பின்னிக்கிடந்த வலையொன்றையும் 1840-இல் நுட்பமாகப் படம் வரைந்தார். அதுவும் பூசணமே என்பதை அறிந்திலர். அவ்வலைக்கு இன்று ஹார்டிக் வலை என்பதே பெயர்!

அவ்வழுவைத் திருத்தியவர் அயலாரல்லர். அவர்தம் மைந்தர் ராபர்ட் ஹார்டிக்கே. பூசணம் வெளியினின்று புகுந்தே மரத்தை அழிக்கின்றது என்பதை 1874-இலும், ஊசியிலை மரங்களையும் ஓக் மரத்தையும் ஆராய்ந்து 1878-இலும் அவர் நூல்வாயிலாக நிறுவினார். தந்தையார் 1880-இற்றான் காலமானார். ஆகவே, தம் கொள்கை தம் மைந்தராலேயே வீழ்ந்தமையை அவர் வாழ்நாளிற் காண நேர்ந்தது. எத்தந்தைக்கும் இஃது எளிதன்று.

வண்டின் பூசணம் வந்த வழி இருபதாம் நூற்றாண்டிற்றான் புலனாயிற்று. பெண்வண்டு தன் முதுகிலுள்ள சிறு பையில் அதன் வித்தைச் சுமந்துசென்று புதுத்துளையில் விதைக்கின்றது. இத்தகைய வண்டொன்று கொணரும் வேறொரு பூசணமே, 1980-களிலிருந்து ஜப்பானிய ஓக் காடுகளைப் பெருக வாட்டி வருவது. ஹார்டிக் கண்ட பூசணவகைக்கோ 1967-இல் அம்புரோசியெல்லா ஹார்டிகீ எனப் புதுப்பெயர் இடப்பட்டது.