பகா எண்ணில் வாழும் பெயர்

மேற்குத் தொடர்ச்சி மலையின் இருமருங்கிலும் கல்வி தேடிச் சென்று, உலகக் கணித வரலாற்றில் இடம்பெற்றவர் சிவசங்கரநாராயண பிள்ளை. அதே மலைத்தொடரில், காந்தலூரில் வாழும் தமிழ்க் குடும்பத்தினராகிய நாம் அவர் வரலாற்றை அறிந்திருத்தல் நலம்.

குற்றாலத்தை அடுத்த வல்லம் என்னும் ஊரில், 1901-ஆம் ஆண்டு ஏப்ரல் 5-ஆம் நாள், சுப்பையா பிள்ளையின் மைந்தராக அவர் பிறந்தார். ஓராண்டிலேயே அன்னையை இழந்தார். பள்ளிப் படிப்பின் இறுதியாண்டில் தந்தையும் மறைந்தார். கல்வி அத்துடன் நின்றிருக்கும். மாணவரின் திறமறிந்த சாஸ்திரியார் என்னும் ஆசிரியர், தம் ஊதியத்தில் ஒரு பகுதியை ஈந்து காத்தார். நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியிலும், பின்னர் உதவித்தொகை பெற்றுத் திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியிலும் பிள்ளையவர்கள் பயின்றார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்து, 1929-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளரானார்.

1930-இல் அவர் எழுப்பிய வினா ஒன்று நம் சிறுவர்க்கும் விளங்கக்கூடியது. ஒன்றாலும் தன்னாலுமன்றி வேறெதனாலும் மீதியின்றி வகுபடாத, ஒன்றினும் பெரிய எண்ணே பகா எண். 1 முதல் 3 வரை பெருக்கி 1 கூட்டினால் 7 என்னும் பகா எண் வரும். அதை 3-ஆல் வகுத்தால் மீதி 1. 5 வரை பெருக்கி 1 கூட்டினால் 121. அதனை வகுக்கும் பகா எண் 11. அதை 5-ஆல் வகுத்தாலும் மீதி 1. எங்கும் இவ்வாறே மீதி 1 வருமோ? இதுவே வினா.

7 வரை இவ்விதி பிழைப்பதில்லை, 8-இல் முறிகிறது. 8 வரை பெருக்கி 1 கூட்டினால் 40,321. அது 61, 661 என்னும் இரு பகா எண்களின் பெருக்கம். இரண்டையும் 8-ஆல் வகுத்தால் மீதி 5. 14 வரை பெருக்கினாலோ தொகை 8,717 கோடியைத் தாண்டும். அதனோடு 1 கூட்டி 23-ஆல் வகுத்தால், 379,03,60,487 என்னும் பெரும் பகா எண் மீதியின்றிக் கிடைக்கும். 23-ஐ 14-ஆல் வகுத்தால் மீதி 9. அப்பேரெண்ணை வகுத்தால் மீதி 11. விதியை மீறும் இத்தகைய எண்கள் இன்று பிள்ளை பகா எண்கள் என்று வழங்குகின்றன. அவற்றுள் மிகச் சிறியது 23. அவை முடிவின்றி உள்ளன என்பதைச் சுப்பாராவ் முதலிய அறிஞர்கள் பின்னர் நிறுவினர். சில சான்றுகளைக் கண்டதும் விதியென்று துணியலாகாது என்பதற்கு இதனினும் நல்ல பாடம் வேண்டுமோ?

ஒரே எண்ணை ஆறுமுறை வைத்துப் பெருக்கி வரும் எண்ணை ஆறாம் படி என்பர். எந்த இயல் எண்ணையும் 73-க்கு மேற்படாத ஆறாம் படிகளின் கூட்டலாக எழுதலாம் என்று பிள்ளையவர்கள் 1940-இல் நிறுவினார். ஆங்கிலேய அறிஞர் வாரிங் 1770-இல் எழுப்பிய வினாவின் ஒரு பகுதிக்கு இது விடையாயிற்று.

1941-இல் திருவனந்தபுரத்திலும், அடுத்த ஆண்டு முதல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்திலும் பணியாற்றினார். பிரின்ஸ்டன் ஆய்வு நிலையம் ஓராண்டுக்கு அழைத்தது. ஹார்வர்டில் உலகக் கணித மாநாடும் காத்திருந்தது. 1950 ஆகஸ்ட் 31-இல், கெய்ரோவுக்கு அருகே நேர்ந்த விமான விபத்தில் அவர் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 49.

தாய் தந்தையற்ற சிறுவனின் படிப்பு நிற்காமற் காத்தது ஓராசிரியரின் ஊதியத்தில் ஒரு பங்கு. அப்பங்கின் பயனை இன்று உலகம் துய்க்கிறது. நம்மிடையே பள்ளியைப் பாதியில் விடும் நிலையிலுள்ள பிள்ளை ஒருவர் இருப்பின், அவர்க்கு நாம் செய்யும் உதவியே இப்பெரியார்க்கு நாம் செலுத்தும் உண்மையான வணக்கமாகும்.