தாவரவியல் அறிஞர் இராபர்ட் வைட்

சோழமண்டலக் கடற்கரையை ஒட்டி உலர் பசுமைக்காடுகள் உள்ளன. அங்கு வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் பல மாதங்கள் வறட்சியே நிலவும். ஆயினும், உலக்கைப்பாலை, காசான் போன்ற மரங்கள் தடித்த இலைகளால் நீரிழப்பைக் குறைத்துக் கோடையிலும் பசுமை மாறாமல் நிற்கும். மலையடிவாரக் காடுகளிலோ பல மரங்கள் இலைகளை உதிர்த்து வறட்சியைக் கடக்கும். எச்செடி எந்நிலத்தில் வளர்கிறது என்பதை அறிந்த பின்னரே, அது எவ்வாறு அங்குப் பரவியது என ஆராய இயலும். தென்னிந்தியாவில் அவ்வாய்வுக்கு அடித்தளமிட்டோருள் ஒருவர் இராபர்ட் வைட்.

இவர் 1796ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தில் பிறந்தார். எடின்பரோவில் மருத்துவம் பயின்று, 1819இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் உதவி அறுவை மருத்துவராக இந்தியா வந்தார். 1826இல் சென்னை அரசின் இயற்கையியலாளராக அமர்த்தப்பட்டார். ஆனால், ஈராண்டுகளில் அப்பதவி நீக்கப்பட்டது. வைட் நாகப்பட்டினத்திற்கு மருத்துவராக அனுப்பப்பட்டார். பதவி போயிற்று, பணி நிற்கவில்லை. மருத்துவப் பணிக்கிடையே செடிகளைத் திரட்டி, உலர்த்தித் தாளில் ஒட்டிப் பாதுகாத்தார்.

1831இல் விடுப்பில் தாயகம் சென்றபோது, ஏறத்தாழ ஓர் இலட்சம் உலர்தாவரங்களை உடன் கொண்டு சென்றார். அவற்றை நண்பர் வாக்கர் ஆர்னாட்டுடன் ஆராய்ந்து, 1834இல் தென்னிந்தியத் தாவரங்களைப் பற்றிய நூலொன்றை வெளியிட்டார். மீண்டும் இந்தியா வந்து, 1838 முதல் 1853 வரை 2101 படங்கள் கொண்ட பெருந்தொகுப்பை ஆறு தொகுதிகளாக வெளியிட்டார்.

அப்படங்களுக்குத் தம் கைத்திறனை நல்கியவர்கள் ரங்கையா, கோவிந்து என்னும் இந்திய ஓவியர்கள். ஓவியர் பெயர் மறைந்துபோவது இயல்பாக இருந்த அக்காலத்தில், வைட் ஓர் ஆர்க்கிட் பேரினத்திற்குக் கோவிந்துவின் பெயரைச் சூட்டினார். குஜராத், இராஜஸ்தான் வறள்நிலங்களில் வளரும் குக்கில் மரத்தின் அறிவியற் பெயரில் வைட்டின் பெயர் வாழ்கிறது.

1853இல் ஓய்வு பெற்றுத் தாயகம் திரும்பிய அவர், 1872இல் மறைந்தார். இன்று கடலோர உலர் பசுமைக்காடுகள் பெரிதும் கோயில்காடுகளாகவே எஞ்சியுள்ளன. அழிந்த காட்டில் எம்மரங்கள் நின்றன என்பதற்குப் பழைய உலர்தாவரத் தாள்களே சான்று. இடத்தையும் காலத்தையும் பிழையின்றிக் குறித்து வைப்பது எளிய பணியாகத் தோன்றலாம். அக்குறிப்பே காட்டை மீட்க முனையும் தலைமுறைக்கு வழிகாட்டும்.