வாழ வழி காட்டிய சகோதரி

நுழையும்முன்

கல்வி அறிவைத் தரும். தொழிற்பயிற்சியோ அறிவோடு வாழ்வதற்கான வழியையும் தரும். கணவனை இழந்த சிறுமியர் வீட்டின் மூலையில் முடங்கிக் கிடந்த காலத்தில், அவர்களை ஆசிரியைகளாக்கித் தலைநிமிரச் செய்தவர் சகோதரி சுப்புலட்சுமி. அவர்தம் வாழ்வை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

இளமையும் கல்வியும்

சுப்புலட்சுமி 1886ஆம் ஆண்டு சென்னை மயிலாப்பூரில் பிறந்தார். தந்தை சுப்பிரமணியம்; தாய் விசாலாட்சி. அக்கால வழக்கப்படி பதினோராம் வயதில் அவருக்குத் திருமணம் நிகழ்ந்தது. சில காலத்திற்குள் கணவர் இறந்துபோக, மணவாழ்வு இன்னதென்று அறியும் முன்னரே அவர் கைம்பெண் ஆனார். கைம்பெண்ணை மங்கல நிகழ்வுகளிலிருந்து விலக்கிவைத்த சமூகம் அது. எனினும், தந்தை தம் மகளை மூலையில் அமர்த்தாமல் படிக்கவைத்தார். மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்புலட்சுமி 1911இல் பட்டம் பெற்றார். சென்னை மாகாணத்தின் முதல் இந்துப் பெண் பட்டதாரி என அவர் போற்றப்படுகிறார்.

சாரதா இல்லம்

தமக்குக் கிடைத்த நல்வாய்ப்பு தம்மை ஒத்த பிற சிறுமியர்க்கும் கிடைக்கவேண்டும் என்று அவர் எண்ணினார். எழும்பூரில் தம் வீட்டிலேயே நான்கு இளங்கைம்பெண்களைச் சேர்த்துப் பாடம் சொல்லித் தரலானார். அவரைப் போன்றே இளமையில் கணவனை இழந்த சிற்றன்னை வாலாம்பாள் உடனிருந்து உதவினார். 1912இல் சாரதா மகளிர் சங்கம் உருவாயிற்று. மாணவியர் தொகை பெருகவே, இல்லம் மெரினா கடற்கரையில் உள்ள ஐஸ் ஹவுஸ் கட்டடத்திற்கு இடம்பெயர்ந்தது. முன்னர் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்த அக்கட்டடம், இளம்பெண்களின் புகலிடமாயிற்று.

பயிற்சியும் பணியும்

அக்காலத்தில் பெற்றோர் பலர், ஆண் ஆசிரியர் கற்பிக்கும் பள்ளிக்குப் பெண்மக்களை அனுப்பத் தயங்கினர். பெண் ஆசிரியர்களோ மிகச் சிலர். ஒருபுறம் ஆசிரியை இன்றித் தவிக்கும் பள்ளிகள். மறுபுறம் வருவாய் இன்றிப் பிறரை அண்டி வாழும் கைம்பெண்கள். இவ்விரு குறைகளுக்கும் ஒரே தீர்வாக ஆசிரியப் பயிற்சியைச் சுப்புலட்சுமி கண்டார். 1922இல் லேடி வெலிங்டன் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரி தொடங்கப்பட்டபோது அதன் முதல்வர் பொறுப்பை ஏற்றார். பயிற்சி பெற்ற பெண்கள் ஊதியம் ஈட்டித் தம் காலில் நின்றனர். குடும்பத்தின் சுமை எனக் கருதப்பட்டவர்கள் குடும்பத்தைத் தாங்கும் தூண்களாயினர்.

எதிர்ப்பும் எல்லையும்

இப்பணி எளிதில் நிறைவேறவில்லை. கைம்பெண் கல்வி கற்பது மரபுக்கு மாறானது எனப் பழமைவாதிகள் பழித்தனர். அவர்தம் எதிர்ப்பைத் தணிக்க, இல்லத்தில் மரபுவழி ஆசாரங்களை அவர் விடாது பின்பற்றினார். இல்லம் தொடக்கத்தில் பிராமணக் கைம்பெண்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. ஏனைய பெண்களும் அதே துயரில் உழன்ற நிலையில், இஃது அம்முயற்சியின் எல்லை என்பதை மறைத்தல் இயலாது. பின்னாளில் அவரது பணி விரிந்தது. கடற்கரைக் குப்பத்து மீனவக் குழந்தைகளுக்கும் அவர் பள்ளி அமைத்தார்.

துறவு பூணாத போதும், தொண்டின் சிறப்பால் மக்கள் அவரைச் சகோதரி என்றே அழைத்தனர். 1958இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கியது. 1969இல் அவர் மறைந்தார்.

இன்று நாம்

சாமையும் தேனும் தரும் ஜவ்வாது மலையின் ஊர்களில், மேற்படிப்புகள் பலவற்றிற்கு மலையைவிட்டு இறங்கவேண்டிய மாணவியர் இன்றும் உள்ளனர். தையலோ, செவிலியமோ, ஆசிரியப் பயிற்சியோ கற்றுத் திரும்பும் ஒரு பெண், தன் வீட்டின் வறுமையைப் போக்குவதோடு, அடுத்த வீட்டுச் சிறுமிக்கும் நம்பிக்கை ஊட்டுகிறாள். எழும்பூரில் நான்கு சிறுமியரோடு தொடங்கிய பணியின் பொருளும் அதுவே.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊரில் தொழிற்பயிற்சி பெற்றுக் குடும்பத்தைத் தாங்கும் பெண் ஒருவரைச் சந்தித்து, அவர் கடந்துவந்த தடைகளைக் கேட்டறிந்து வகுப்பறையில் பேசுக.